டி.பி. கூப்பர்: பணத்தோடு குதித்தவன் என்ன ஆனான்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடந்தது என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1971 நவம்பர் 24, புதன்கிழமை. மறுநாள் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து விமான நிலையத்துக்கு வந்த ஒருவன் ரொக்கம் கொடுத்து சியாட்டிலுக்கு ஒருவழி டிக்கெட் வாங்கினான். பெயர் டேன் கூப்பர் என்றான். சூட், வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கையில் ஒரு பிரீஃப்கேஸ். வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம் இருக்கும். ஏறியது நார்த்வெஸ்ட் ஓரியன்ட் நிறுவனத்தின் 305-ஆம் எண் விமானம், போயிங் 727. பயணம் அரை மணி நேரம்தான்.

விமானம் கிளம்பியதும், பின்வரிசையில் இருந்த அவன் பணிப்பெண் ஃப்ளோரன்ஸ் ஷாஃப்னரிடம் ஒரு சீட்டை நீட்டினான். தனியாக வரும் ஆண்கள் ஃபோன் நம்பர் எழுதிக் கொடுப்பது அன்றைய பணிப்பெண்களுக்குப் பழகிப்போன தொல்லை. அவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். அவன் அவர் பக்கம் சாய்ந்து, அந்தச் சீட்டைப் படித்துவிடுங்கள், என்னிடம் வெடிகுண்டு இருக்கிறது என்றான். பெட்டியை லேசாகத் திறந்தும் காட்டினான். உள்ளே சிவப்பு உருளைகள், ஒயர்கள், ஒரு பேட்டரி.

அவன் கேட்டது 2 லட்சம் டாலர், நான்கு பாராசூட், சியாட்டிலில் தயாராக ஒரு எரிபொருள் லாரி. இவை வந்து சேரும்வரை விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்தது. பயணிகளிடம் ஏதோ சின்னக் கோளாறு என்று சொல்லிச் சமாளித்தார்கள். சியாட்டிலில் இறங்கி, பணம் கைக்கு வந்ததும் 36 பயணிகளையும் இரண்டு பணிப்பெண்களையும் விட்டுவிட்டான். மிச்சமிருந்த நான்கு ஊழியர்களோடு மெக்சிகோ சிட்டிக்குப் போகச் சொன்னான். வழியில் ரீனோவில் எரிபொருள் நிரப்புவதாக ஏற்பாடு. இரவு எட்டு மணி வாக்கில், சியாட்டிலுக்கும் போர்ட்லாந்துக்கும் நடுவே எங்கோ, வால்பக்கப் படிக்கட்டை இறக்கிவிட்டுக் குதித்தான். ரீனோவில் விமானம் இறங்கியபோது ஆளும் இல்லை, பணமும் இல்லை. இன்றுவரை அவன் யாரென்று தெரியாது.

டேன் கூப்பர் எப்படி ‘டி.பி.’ ஆனான்?

பத்திரிகைக்காரர்கள் செய்த குழப்பம். போர்ட்லாந்தில் டி.பி. கூப்பர் என்று ஒருவர் இருந்தார். போலீஸ் ஒரு சந்தேகத்துக்கு அவரையும் விசாரித்து, சம்பந்தமில்லை என்று உடனே விட்டுவிட்டது. அவசரத்தில் செய்தி அனுப்பிய நிருபர் இரண்டு பெயரையும் போட்டுக் குழப்பிவிட, அதுவே நிலைத்துவிட்டது.

குதிப்பவன் ஒருவன். நான்கு பாராசூட் எதற்கு?

இந்த வழக்கிலேயே எனக்குப் பிடித்த தந்திரம் இதுதான். ஒன்று மட்டும் கேட்டிருந்தால் அதில் ஏதாவது கோளாறு செய்து அனுப்பியிருக்கலாம். நான்கு கேட்டால், பணிப்பெண்ணையோ விமானியையோ கட்டாயப்படுத்திக் கூடவே குதிக்க வைப்பானோ என்ற பயம் வந்துவிடும். அப்புறம் யாரும் அவற்றில் கைவைக்க மாட்டார்கள்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். முதுகில் மாட்டும் பாராசூட் இரண்டு, மார்பில் மாட்டும் மாற்று பாராசூட் இரண்டு என்று அனுப்பினார்கள். மாற்று இரண்டில் ஒன்று வகுப்பில் பாடம் நடத்த வைத்திருந்த டம்மி. திறக்க முடியாதபடி தைக்கப்பட்டது. அவசரத்தில் தவறுதலாக மூட்டையோடு வந்துவிட்டது. அந்த டம்மி ரீனோவில் விமானத்துக்குள் கிடைக்கவில்லை. நல்ல மாற்று பாராசூட்டையோ அவன் பிரித்து, கயிறுகளை அறுத்து வைத்திருந்தான். கைதேர்ந்த ஆளாக இருந்தால் இதைக் கவனித்திருக்க மாட்டானா என்பது எஃப்பிஐ அதிகாரிகளின் வாதம்.

பறக்கும் விமானத்தில் கதவைத் திறக்க முடியுமா?

727-இல் முடிந்தது. அதன் வால் பக்கம், அடிவயிற்றிலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டு ஒன்று உண்டு. மூன்று எஞ்சின்களும் அந்தப் படிக்கட்டுக்கு மேலேயும் பக்கவாட்டிலும் இருப்பதால், அதன் வழியாகக் குதிப்பவன் எஞ்சினிலோ இறக்கையிலோ மாட்டிக்கொள்ள மாட்டான். விமானி அறையிலிருந்து அந்தப் படிக்கட்டைத் தடுக்கவும் வழியில்லை. அன்றைக்கு விமான ஊழியர்களிலேயே பலருக்கு இது தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவன் விமானிகளுக்குக் கொடுத்த கட்டளைகளும் அப்படித்தான். 10,000 அடிக்கு மேலே போகக் கூடாது. சக்கரங்களை உள்ளே இழுக்கக் கூடாது. இறக்கையின் மடிப்புகளை 15 டிகிரியில் வைக்க வேண்டும். உள்ளே காற்றழுத்தம் ஏற்றக் கூடாது. எல்லாமே விமானத்தை மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்க வைக்கும் வேலை. ஜெட் விமானங்களோடு ஏதோ ஒரு வகையில் பழக்கமுள்ளவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குதிப்பதில் பழக்கமுள்ளவனா என்பது வேறு கேள்வி.

அவன் குதித்ததை யாரும் பார்க்கவில்லையா?

இல்லை. கடைசியாகப் பார்த்தவர் டீனா மக்லோ என்ற 22 வயதுப் பணிப்பெண். விமானிகள் இருக்கும் அறைக்குப் போகச் சொன்னபோது திரும்பிப் பார்த்தார். அவன் இடுப்பில் எதையோ கட்டிக்கொண்டிருந்தான். அது பணப்பை என்று கருதப்படுகிறது. தோளில் மாட்டும் பை வேண்டும் என்று கேட்டிருந்தான். வந்ததோ வங்கியின் துணிப்பை. கோபப்பட்டான். அதனால்தான் பாராசூட் கயிறை அறுத்து, பையைச் சுற்றிக் கட்டி, உடம்போடு பிணைத்துக்கொண்டான். இந்தக் கயிற்றுக் கட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பின்தொடர்ந்த இரண்டு போர் விமானங்களுக்கும் எதுவும் தெரியவில்லை. இருட்டு, மழை, மேகம். சுமார் 8.13-க்கு விமானத்தின் வால் சட்டென்று மேலே எழும்பியதை விமானிகள் உணர்ந்தார்கள். பிற்பாடு அதே விமானத்தின் படிக்கட்டிலிருந்து 200 பவுண்டு எடையைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோது அதே மாதிரி குலுங்கியது. அதை வைத்துத்தான் குதித்த நேரத்தைக் கணக்கிட்டார்கள்.

பணம் கிடைத்ததா?

கொஞ்சம் கிடைத்தது. அதுதான் குழப்பத்தை இன்னும் கூட்டியது. கூப்பரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘யார்?’ என்ற கேள்வியிலேயே சுற்றுகிறார்கள். எனக்கு என்னவோ பணம்தான் முக்கியச் சாட்சி என்று தோன்றுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொடுத்தது பத்தாயிரம் 20 டாலர் நோட்டுகள். எடை ஏறத்தாழ 10 கிலோ. ஒவ்வொன்றின் எண்ணும் படம் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. எண்களை வங்கிகளுக்கும் சூதாட்ட விடுதிகளுக்கும் அனுப்பினார்கள். பத்திரிகைகளும் வெளியிட்டன. ஒரே ஒரு நோட்டைக் கொண்டுவந்தாலும் போதும் என்று ஓரிகன் ஜர்னல் 1,000 டாலரும், சியாட்டில் போஸ்ட்-இன்டெலிஜென்சர் 5,000 டாலரும் பரிசு அறிவித்தன. ஒன்றுகூட வரவில்லை. எங்கேயும் செலவழிக்கப்பட்டதாகத் தடயமே இல்லை.

எட்டு வருஷம் கழித்து, 1980 பிப்ரவரி 10. கொலம்பியா ஆற்றங்கரையில் டீனா பார் என்ற மணல்திட்டு (பணிப்பெண்ணின் பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). குடும்பத்தோடு வந்த எட்டு வயதுப் பையன் தீ மூட்டுவதற்காக மணலைக் கையால் ஒதுக்கும்போது மூன்று நோட்டுக்கட்டுகள் தட்டுப்பட்டன. ஓரமெல்லாம் அரித்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போய், கறுத்துக் கிடந்தன. சுற்றியிருந்த ரப்பர் பேண்டுகள் அப்படியே இருந்தன. இரண்டு கட்டில் நூறு நூறு, மூன்றாவதில் தொண்ணூறு. மொத்தம் 5,800 டாலர். எண்கள் ஒத்துப்போயின, கூப்பரின் பணமேதான்.

இங்கேதான் சிக்கல். முதலில் தேடியது ஏரியல் என்ற சிற்றூரைச் சுற்றி, லூயிஸ் ஆற்றுப் பக்கம். லூயிஸ் ஆறு கொலம்பியாவில் கலக்கும் இடம் டீனா பாருக்குக் கீழே இருக்கிறது. ஆற்றில் விழுந்த பணம் எதிர்நீச்சல் போட்டு மேலே வராது. அப்படியானால் குதித்த இடம் வேறாக இருக்க வேண்டும். கிழக்கே உள்ள வாஷுகல் ஆற்றுப் பக்கமாக இருந்தால் பணம் இயல்பாகவே டீனா பார் வரை வந்திருக்கும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள்.

அடுத்த சிக்கல், 1974-இல் ஆற்றைத் தூர்வாரி அந்தக் கரையில் மண்ணைக் கொட்டியிருந்தார்கள். ஆய்வு செய்த புவியியலாளர், பணம் கிடைத்தது அந்த மண்ணடுக்குக்கு மேலே என்றார். அப்படியென்றால் 1974-க்குப் பிறகுதான் அங்கே வந்திருக்க வேண்டும். ஆனால் ரப்பர் பேண்டு வெட்டவெளியில் அவ்வளவு காலம் தாங்காது, சீக்கிரமே அறுந்துபோகும். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

2020-இல் இன்னொரு துப்பு. நோட்டுகளில் ஒட்டியிருந்த நுண்பாசிகளைப் பரிசோதித்தார்கள். அவை வசந்தமும் கோடையுமாக இருக்கும் மாதங்களில் பெருகும் வகை. நவம்பரில் நேராக ஆற்றில் விழுந்த பணத்தில் அவை மட்டும் இருக்க வழியில்லை. ஆகவே பணம் சில மாதமாவது உலர்ந்த இடத்தில் இருந்துவிட்டுப் பிறகு தண்ணீரைக் கண்டிருக்கிறது. யாரோ புதைத்தார்களா? காட்டில் கிடந்த பையை வெள்ளம் அடித்து வந்ததா? ஒவ்வொருவரும் தன் கட்சிக்கு ஏற்றபடி இதை வளைத்துக்கொள்கிறார்கள்.

சரி, உயிர் பிழைத்தானா இல்லையா?

இரண்டு கட்சி. செத்துப்போனான் என்பவர்கள் சொல்வது இது: பனிக்குளிர், மழை, இருட்டு, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் எதிர்க்காற்று. காலில் சாதாரண ஷூ. கீழே அடர்ந்த ஊசியிலைக் காடு, ஆறு, ஏரி. எங்கே குதிக்கிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது, கீழே கூட்டாளி காத்திருக்கவும் வழியில்லை. வழக்கை ஆரம்பத்திலிருந்து பார்த்த எஃப்பிஐ அதிகாரி ரால்ஃப் ஹிம்மல்ஸ்பாக் அவன் பிழைத்திருக்க மாட்டான் என்றே நம்பினார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1972-இல் அவனைப் பார்த்துக் காப்பியடித்த ஐந்து பேர் இதேபோல் விமானத்திலிருந்து குதித்தார்கள். ஐந்து பேரும் உயிரோடு தரையிறங்கினார்கள், ஐந்து பேரும் பிடிபட்டார்கள். ஒருவன் ஜனவரிக் குளிரில், சட்டையும் கௌபாய் பூட்ஸும் போட்டுக்கொண்டு கொலராடோ சமவெளியில் குதித்தான். இன்னொருவனுக்குப் பாராசூட் மாட்டவே தெரியாது, விமானத்தில் இருந்தவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவனும் இண்டியானாவில் பத்திரமாக இறங்கினான். ஆனால் குதித்த வேகத்தில் 5 லட்சம் டாலர் பை பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

என் கணிப்பும் இதை ஒட்டியதுதான். கூப்பர் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, பணம் அவனோடு இறங்கியிருக்க வாய்ப்பு குறைவு. துணிப்பை, அதைச் சுற்றி அவசரத்தில் கட்டிய கயிறு, முகத்தில் அறையும் காற்று. பை எங்கோ காட்டில் விழுந்து, மழையிலும் வெள்ளத்திலும் நகர்ந்து, அதில் மூன்று கட்டு மட்டும் ஆற்றுக்கு வந்திருந்தால் நுண்பாசிக் கணக்கும் ஒத்துப்போகிறது, ஒரு நோட்டுகூடப் புழக்கத்துக்கு வராததும் புரிகிறது. ரப்பர் பேண்டு விஷயம் மட்டும் உதைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

செத்தான் என்பவர்களிடம் கேட்க இன்னொன்றும் உண்டு. உடல் எங்கே? விரிந்த பாராசூட் எங்கே? 1972 வசந்தத்தில் ஃபோர்ட் லூயிஸ் ராணுவ முகாமின் வீரர்கள் நூற்றுக்கணக்கில் அந்தக் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள், ஒன்றும் இல்லை. ஆனால் தேடிய இடமே தப்பாக இருந்தால் கிடைக்காததில் ஆச்சரியமில்லை. 1978-இல் வேட்டைக்குப் போன ஒருவருக்கு, 727-இன் வால்படிக்கட்டை எப்படி இறக்குவது என்று அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை மட்டும் காட்டில் கிடைத்தது.

ரிச்சர்ட் மெக்காய்தான் கூப்பர் என்கிறார்களே?

சந்தேகப் பட்டியலில் எப்போதும் முதலிடம் இவருக்குத்தான். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், பாராசூட் அனுபவம் உண்டு. 1972 ஏப்ரல் 7-இல் டென்வரிலிருந்து கிளம்பிய யுனைடெட் விமானத்தைக் கடத்தி, 5 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, யூட்டா மாநிலத்தின் புரோவோ அருகே குதித்தார். அதுவும் 727தான், அதே வால்படிக்கட்டு. இரண்டே நாளில் பிடிபட்டார். 45 ஆண்டு தண்டனை. 1974-இல் சிறையின் குப்பை லாரியைக் கைப்பற்றி வாசலை உடைத்துக்கொண்டு தப்பித்து, மூன்று மாதத்தில் எஃப்பிஐயோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் இறந்தார்.

பொருத்தம் பிரமாதம். ஆனால் கூப்பர் நாற்பதைத் தாண்டியவன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பெண்கள் சொன்னார்கள், மெக்காய்க்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. கூப்பர் குதித்த மறுநாள் அவர் யூட்டாவில் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்கிறது எஃப்பிஐ. அண்மையில் அவருடைய பிள்ளைகள் வீட்டில் இருந்த ஒரு பாராசூட்டை வெளியே கொண்டுவந்ததும் பேச்சு மறுபடி சூடுபிடித்தது. என்னைக் கேட்டால் மெக்காய் காப்பியடித்தவர்களில் கெட்டிக்காரர், அவ்வளவே.

மற்ற சந்தேக நபர்கள்?

முதல் ஐந்து ஆண்டுகளிலேயே எண்ணூறுக்கு மேற்பட்டவர்களை எஃப்பிஐ பரிசீலித்தது. அப்புறம் வந்தவர்கள் தனி. மரணப்படுக்கையில் மனைவியிடம் ‘நான்தான் டேன் கூப்பர்’ என்றவர், நார்த்வெஸ்ட் நிறுவனத்திலேயே வேலை பார்த்த முன்னாள் பாராசூட் வீரர், மகள் முறையுள்ளவர் கை காட்டிய சித்தப்பா என்று பட்டியல் நீள்கிறது. குடும்பத்தில் ஒருவர் இறந்ததும் அவருக்கு ஒரு ரகசியம் இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பது மனித இயல்பு போலும். ஒருவரிடமிருந்தும் ஒரு நோட்டு வெளிவரவில்லை. அது வராதவரை இந்த வாக்குமூலங்களுக்கு நான் காது கொடுப்பதில்லை.

அவன் விட்டுப்போன டையில் ஏதோ கண்டுபிடித்தார்களாமே?

ஆமாம். குதிக்குமுன் கழற்றிப்போட்ட கறுப்பு டை, முடிச்சு போடத் தேவையில்லாத கிளிப் வகை, ஜே.சி. பென்னி கடையில் விற்றது. பிற்காலத்தில் நுண்ணோக்கியில் பார்த்தபோது கலப்பில்லாத டைட்டானியத் துகள்கள் தென்பட்டன. 1971-இல் அது எல்லாக் கடையிலும் புழங்கிய உலோகமல்ல. ரசாயன ஆலை, விமானத் தொழிற்சாலை போன்ற இடங்களில்தான் இருக்கும். அங்கே டை கட்டிக்கொண்டு போகிறவர் என்றால் பொறியாளரோ மேலாளரோ. அந்த வருஷம்தான் போயிங்கின் ஒலிமிஞ்சும் பயணிகள் விமானத் திட்டம் கைவிடப்பட்டு, சியாட்டிலில் பலர் வேலை இழந்தார்கள். கோபத்திலிருந்த ஒரு முன்னாள் ஊழியன் என்ற கதை இதிலிருந்து பிறக்கிறது. எனக்கும் பிடித்த கதைதான், ஆனால் டை பழைய துணிக்கடையில் வாங்கியதாக இருந்தால் எல்லாம் அம்பேல்.

கனடாக்காரன் என்கிற கோட்பாடு?

அவன் ‘அமெரிக்கப் பணம்’ என்று குறிப்பிட்டுக் கேட்டதாகச் சொல்கிறார்கள். அமெரிக்கன் அப்படிக் கேட்பானா? போதாக்குறைக்கு, அன்று பிரெஞ்சு மொழியில் வந்துகொண்டிருந்த ஒரு சித்திரக்கதையின் நாயகன் கனடா விமானப்படை விமானி, பெயர் டேன் கூப்பர்! எஃப்பிஐயே இதைப் பொருட்படுத்தியது.

எஃப்பிஐ எதையாவது கோட்டை விட்டதா?

அவன் பிடித்துப்போட்ட எட்டு ராலே சிகரெட் துண்டுகளைப் பத்திரமாக எடுத்துவைத்தார்கள். அவை பிறகு காணாமல் போயின. டிஎன்ஏ பரிசோதனை வந்த காலத்தில் அவை இருந்திருந்தால் இந்தப் பக்கமே தேவைப்பட்டிருக்காது. டையிலிருந்து எடுத்த டிஎன்ஏ எத்தனை பேருடையது என்பதே நிச்சயமில்லை.

யாரையும் காயப்படுத்தவில்லையே, அவன் ஹீரோதானே?

மரியாதையாகப் பேசினான், மதுவுக்குக் காசு கொடுத்தான், ஊழியர்களுக்குச் சாப்பாடு வரவழைக்கச் சொன்னான் என்பதெல்லாம் உண்மை. டீனா மக்லோவுக்கு ஒரு கட்டு நோட்டைக்கூட நீட்டினான். பயணிகளிடம் அன்பளிப்பு வாங்குவது நிறுவன விதிக்கு விரோதம் என்று அவர் மறுத்தார். இன்னொன்றையும் பாருங்கள். குண்டு வைத்திருப்பவன் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, அவன் சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுத்து, ஓடுபாதையில் இறங்கிப் போய் 10 கிலோ பணப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஏறியவர் அந்த 22 வயதுப் பெண். ஹீரோ என்ற சொல்லை யாருக்காவது கொடுப்பதென்றால் அவருக்குத்தான் கொடுப்பேன்.

அதற்கப்புறம் விமானப் பயணத்தில் என்ன மாறியது?

727 விமானங்களின் வால்பக்கம் வெளியே ஒரு சின்ன உலோகத் தகடு பொருத்தினார்கள். தரையில் நிற்கும்போது ஸ்பிரிங் அதை ஒதுக்கி வைத்திருக்கும். விமானம் வேகமெடுத்ததும் காற்று அதைத் திருப்பிவிட, தகட்டின் மறுமுனை படிக்கட்டின் குறுக்கே வந்து திறக்கவிடாமல் தடுக்கும். மின்சாரமும் இல்லை, பட்டனும் இல்லை. அதன் பெயரே கூப்பர் வேன் (vane, காற்றில் திரும்பும் தகடு). 1973 ஜனவரியிலிருந்து எல்லாப் பயணிகளையும் பைகளையும் சோதிப்பது அமெரிக்க விமான நிலையங்களில் கட்டாயமானது. அதற்குக் கூப்பர் ஒருவன் மட்டும் காரணமில்லை, அந்த ஆண்டுகளில் கடத்தல் கிட்டத்தட்ட வாராவாரம் வரும் செய்தியாக இருந்தது.

இப்போது பிடிபட்டால் தண்டிக்க முடியுமா?

முடியும். ஐந்து ஆண்டுக் காலவரம்பு முடியும் தறுவாயில், 1976 நவம்பரில், பெயர் தெரியாத நபர் என்று குறிப்பிட்டே போர்ட்லாந்தில் குற்றச்சாட்டுப் பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் உயிரோடு இருந்தால் நூறு வயதை நெருங்கியிருப்பான். 2016 ஜூலையில் எஃப்பிஐ தீவிர விசாரணையை நிறுத்திக்கொண்டது. பாராசூட், பணம் போன்ற பௌதிகச் சான்று கிடைத்தால் மட்டும் கொண்டுவாருங்கள் என்று அறிவித்தது.

என்னிடம் பழைய 20 டாலர் நோட்டு இருக்கிறது. கூப்பர் நோட்டாக இருக்குமா?

அநேகமாக இருக்காது. ஆனாலும் பார்த்துவிடுங்கள். அவன் வாங்கிய நோட்டுகளில் பெரும்பாலானவை 1963ஏ அல்லது 1969 வரிசை. பெரும்பாலானவற்றின் எண் ஆங்கில ‘எல்’ எழுத்தில் தொடங்கும். சான் பிரான்சிஸ்கோ ரிசர்வ் வங்கி வெளியிட்ட எல்லா நோட்டுக்கும் அந்த எழுத்துதான் என்பதால், அதை மட்டும் பார்த்துவிட்டுத் துள்ளிக்குதிக்க வேண்டாம். முழு எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. டீனா பாரில் கிடைத்த கிழிசல் நோட்டுகளில் 15-ஐ 2008-இல் ஏலம் விட்டபோது 37,000 டாலருக்கு மேல் போயின. முழு நோட்டு ஒன்று கிடைத்தால் என்ன விலை போகும் என்பதைவிட, அது எந்த ஊர்க் கல்லாப்பெட்டியிலிருந்து உங்கள் கைக்கு வந்தது என்பதைத்தான் முதலில் எல்லோரும் கேட்பார்கள்.